வறுமை என்றொரு ஊர்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டது என்று நடத்துநர் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் தெரியும். மழைக்கு முன் அவற்றைக் கீற்று வேய்ந்து மூடிவைப்பார்கள். அப்போது தூரத்திலிருந்து பார்த்தால் சின்னச் சின்னக் குடிசைகள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும்.

ஒரு பங்குனிக் காலையில் அங்கே வண்டியை நிறுத்தி வரப்பில் இறங்கி நடந்தேன். வயதான அம்மா ஒருவர் நீளக் கம்பில் பொருத்திய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு நாள் வாரலாம், எப்போது தண்ணீரை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "கால்ல நின்னா தெரியும்பா. தண்ணி வழவழன்னு எண்ணெ மாதிரி ஆயிடுச்சுன்னா அத வச்சிருக்கக் கூடாது. தொறந்து விட்டுடணும். இல்லன்னா உப்பு கசக்கும்."

அவர் சொன்னதில் ஒரு பாடப்புத்தகமே அடங்கியிருக்கிறது. உப்புநீரின் அடர்த்தியை உப்பளங்களில் டிகிரி கணக்கில் அளப்பார்கள். கடல்நீர் ஏறத்தாழ மூன்றரை டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு பிரிந்து படியும். 13 டிகிரியை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரியை நெருங்கும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். 29, 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் மக்னீசிய உப்புகள். எண்ணெய்போல் வழுக்குவதும் நாக்கில் கசப்பதும் அவைதான். அந்தத் தண்ணீரை வெளியேற்றாமல் இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால், அதுவரை விளைந்த நல்ல உப்பிலும் கசப்பு ஏறிவிடும். மக்னீசியக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் அந்த உப்பு ஜாடியில் நீர்விட்டுக் கசியவும் செய்யும்.

வரப்பில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். மரக்காணம் உப்பு ஏன் கசக்கும், எப்போது தண்ணீரை விட வேண்டும் என்று தமிழில் தட்டினேன். அந்த அம்மா ஒரே மூச்சில் சொன்னது எந்தப் பக்கத்திலும் வரவில்லை. கணினி தானாகப் படித்துக் கற்றுக்கொள்வதைப் பற்றி எழுதப் பல நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கட்டுரையை எங்கே தொடங்குவது என்பது அங்கே பிடிபட்டது.

கணினிக்கு உலக அறிவைப் புகட்டும் முயற்சி பழையது. 1984ல் டக்ளஸ் லெனாட் அமெரிக்காவில் தொடங்கிய 'சைக்' திட்டத்தில் அறிஞர்கள் உட்கார்ந்து ஒவ்வோர் உண்மையாகக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் எழுதியும் உலகம் தீர்ந்துபோகவில்லை. மனிதர் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, மனிதர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைக் கணினியே படித்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அதற்கு மிகத் துணிச்சலான பதில் 2010 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்தின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் தலைமையில் பிறந்தது. 'முடிவில்லா மொழிக் கற்றல்' என்ற பொருள்தரும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'நெல்' என்று பெயர் வைத்தார்கள். தமிழ்க் காதுக்கு அது வயலில் விளையும் நெல்லாகத்தான் கேட்கும். ஒரே எழுத்துக்கோவை ஓரிடத்தில் பயிராகவும் இன்னோரிடத்தில் கணினி நிரலாகவும் இருக்கிறதே, அந்த மாதிரிச் சிக்கல்தான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது.

நெல்லிடம் ஆய்வாளர்கள் கொடுத்தது கொஞ்சம். நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர், பறவை என்பதுபோல 123 வகைகள். இன்ன நிறுவனம் இன்ன ஊரில் இருக்கிறது என்பதுபோல 55 உறவுகள். ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 எடுத்துக்காட்டுகள். கூடவே சுமார் 50 கோடி இணையப் பக்கங்கள். இரவும் பகலும் படி, இன்று படித்ததை வைத்து நாளை இன்னும் நன்றாகப் படி என்று விட்டுவிட்டார்கள். 67 நாள் ஓட்டத்தில் 2,42,000 உண்மைகளைச் சேர்த்திருந்தது; அவற்றில் ஏறத்தாழ 74 சதவீதம் சரி என்று மதிப்பிட்டார்கள்.

எப்படிப் படித்தது? நம் மொழியில் வைத்துப் பார்ப்போம். திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் ஆகியவை ஊர்கள் என்று ஒரு கணினிக்குச் சொல்லிவிடுகிறோம். அது பக்கங்களைப் புரட்டி, இந்தப் பெயர்கள் எந்த மாதிரி வாக்கியங்களில் வருகின்றன என்று பார்க்கிறது. 'திண்டிவனம், செஞ்சி போன்ற ஊர்களில்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. உடனே 'போன்ற ஊர்களில்' என்பதற்கு முன்னால் வருவதெல்லாம் ஊர் என்று ஒரு விதியை அது கண்டுகொள்கிறது. இந்த உத்தியை ஆங்கிலத்துக்கு மார்ட்டி ஹெர்ஸ்ட் 1992லேயே எழுதிக் காட்டியிருந்தார். புது விதியைக் கொண்டு புது ஊர்கள் கிடைக்கின்றன. புது ஊர்களைக் கொண்டு புது விதிகள் கிடைக்கின்றன. குழந்தை பேசக் கற்பதுபோல், தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததை எட்டுகிறது.

அடுத்த விதி: 'செஞ்சியில் பிறந்தார்.' ஆகவே 'இல் பிறந்தார்' என்பதற்கு முன்னால் நிற்பது ஊர். மதுரையில் பிறந்தார், கடலூரில் பிறந்தார் என்று ஊர்கள் வந்து குவிகின்றன. கூடவே ஜனவரியில் பிறந்தார். வறுமையில் பிறந்தார்.

வறுமை இப்போது ஓர் ஊர்.

இதோடு நின்றால் ஒரு பிழைதான். ஆனால் இந்தக் கணினி தான் கற்றதை வைத்தே மேலும் கற்கிறது. வறுமை என்ற ஊர் வேறெங்கே வருகிறது என்று தேடுகிறது. வறுமையில் வாடினார். ஆகவே 'இல் வாடினார்' என்பதற்கு முன்னால் நிற்பதும் ஊர். பசியில் வாடினார், சிறையில் வாடினார், தனிமையில் வாடினார். பசியும் சிறையும் தனிமையும் ஊர்களாகின்றன. அவற்றை வைத்து அடுத்த விதி. பத்துச் சுற்றுக்குள் அட்டவணையில் துயரங்கள் எல்லாம் ஊர்ப் பெயர்களாக நிறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அது நேர்மையாகத்தான் நடந்திருக்கிறது, முந்தைய சுற்றை நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கைதான் அதைக் கெடுத்தது.

நான் கற்பனையாகச் சொன்ன இந்தச் சறுக்கல் நெல்லுக்கு நிஜமாகவே நேர்ந்தது. உலாவியில் சேமிக்கப்படும் சின்னக் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் 'குக்கி' என்று பெயர். பிஸ்கட்டுக்கும் அதே பெயர். இணையக் குக்கியை நெல் பேக்கரிப் பண்டம் என்று வகைப்படுத்திக்கொண்டது. 'இணையக் குக்கிகளை அழித்தேன்' என்ற வாக்கியத்தைப் பார்த்ததும், அழிக்கப்படுபவை எல்லாம் பண்டங்களே என்று முடிவு செய்து, 'கோப்புகளை அழித்தேன்' என்பதைக் கண்டு கோப்புகளையும் அடுப்பிலிருந்து இறக்கிய பலகாரமாக்கியது. மனிதர்கள் தலையிட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

பொதுவாக நாம், நிறையப் படிக்கும் கணினி நிறையத் தெரிந்த கணினி என்று எண்ணுகிறோம். நான் அப்படி எண்ணவில்லை. படிப்பது எளிது, மின்சாரமும் இணையமும் இருந்தால் போதும். படித்ததில் எதை நம்பாமல் விடுவது, எந்த இடத்தில் மடையைத் திறந்துவிடுவது என்பதுதான் அரிய வேலை. நெல்லை உருவாக்கியவர்களின் பெருமையும் அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் கையாண்ட உத்தியின் வேர், மிட்செலும் ஏவ்ரிம் பிளமும் சேர்ந்து 1998ல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. ஒரே பொருளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோணங்களில் பார்க்க முடிந்தால், ஒரு கோணம் இன்னொன்றுக்கு ஆசிரியராகலாம் என்பது அதன் சாரம். நெல்லுக்குள் ஒருவர் அல்ல, பல வாசகர்கள் இருந்தார்கள். ஒரு வாசகர் வாக்கிய அமைப்பை மட்டும் பார்ப்பார். இன்னொருவர் பக்கங்களிலுள்ள பட்டியல்களையும் அட்டவணைகளையும் மட்டும் பார்ப்பார்: கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து அட்டவணையில் கல்பாக்கம், மரக்காணம், புதுச்சேரி ஆகியவை ஊர்கள் என்று தெரிந்தால், அதே பத்தியிலுள்ள மற்றவையும் ஊர்களாக இருக்கலாம். மூன்றாமவர் வாக்கியத்தையே பார்க்க மாட்டார், சொல்லின் முகத்தை மட்டும் பார்ப்பார். நம்மூரில் அவருக்கு நல்ல வேலை இருக்கும்: பாக்கம் என்று முடிகிறதா, குப்பம் என்று முடிகிறதா, பட்டினம் என்று முடிகிறதா? 'ஊர்' என்று முடிகிறதா என்று பார்க்கும்போது மட்டும் உள்ளூரும் வெளியூரும் உள்ளே நுழைந்துவிடும்.

வறுமையை வாக்கிய வாசகர் ஊர் என்கிறார். பட்டியல் வாசகர், எந்தப் பேருந்தும் அங்கே நிற்பதாகத் தெரியவில்லை என்கிறார். முக வாசகருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆகவே அது உண்மைகளின் அட்டவணைக்குப் போவதில்லை. சந்தேகக் கணக்கில் நிற்கிறது. ஜனவரிக்கு வேறொரு காவல்: அது மாதம் என்று முன்பே தெரியும், மாதமாக இருப்பது ஊராக இருக்க முடியாது என்று விதி இருக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான வகைகளை ஒன்றோடொன்று கட்டிவைத்தபோது ஒன்று வழுக்கினால் மற்றவை பிடித்துக்கொண்டன. பல வகைகளைச் சேர்த்துக் கற்பது ஒரே ஒரு வகையைக் கற்பதைவிட எளிதாகிவிட்டது. எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த முடிவு இது. பாத்தி ஒன்றே ஒன்றாக இருந்தால் சுண்ணாம்பும் ஜிப்சமும் உப்பும் கசப்பும் ஒரே இடத்தில்தான் படியும். பாத்திக்குப் பாத்தி நீரை நகர்த்துவதால்தான் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் தங்குகிறது.

எல்லாக் காவலையும் மீறி வரும் சிக்கல்களும் உண்டு. மரக்காணம் எந்த மாவட்டம்? 1980களில் அச்சான புத்தகத்தைப் படித்தால் தென்னாற்காடு. இன்றைய நாளிதழில் விழுப்புரம். ஓர் ஊர் ஒரு மாவட்டத்தில்தான் இருக்க முடியும் என்ற விதியை வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றைப் பொய் என்று கணினி தள்ளிவிடக் கூடும். இரண்டும் மெய்தான், இடையில் 1993 செப்டம்பர் 30 இருக்கிறது, விழுப்புரம் தனி மாவட்டமான நாள். உண்மைக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு என்று கணினிக்குக் கற்பிக்க வேண்டும். இந்த வேலையில் நெல் குழுவில் இருந்த இந்தியரான பார்த்தா பிரதிம் தாலுக்தார், டெர்ரி விஜயா, மிட்செல் ஆகியோர் 2012ல் எழுதிய ஆய்வு முக்கியமானது. தாலுக்தார் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார்.

தமிழில் வினைமுற்றின் கடைசி எழுத்துகளையும் தவறவிடக் கூடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்த நாள்களின் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'கரையைக் கடக்கும்', 'கடக்கக்கூடும்', 'கடந்தது' என்று மூன்று விதமாகவும் அடுத்தடுத்த மணிநேரங்களில் எழுதினார்கள். காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே எங்கோ என்பதுதான் முன்னறிவிப்பு. நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கடந்தது. ஓர் எழுத்தில் ஊகமும் நடப்பும் பிரிகின்றன. வேகமாகப் படிக்கும் கணினிக்கு மூன்றும் ஒரே வாக்கியம்.

பழமைக்குள் போனால் ஊகத்தை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி வரும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். செங்கடல் பயணக் குறிப்பான பெரிப்ளஸில் வரும் சோபட்மா துறைமுகமும் இதுவாகலாம் என்கிறார்கள். 'கருதுகிறார்கள்' என்பதைக் கணினி எப்படி எழுதிவைக்கும்? நெல் ஒவ்வோர் உண்மைக்கும் பக்கத்தில் ஓர் எண்ணை வைத்திருந்தது, எவ்வளவு நம்பலாம் என்று. எந்தப் பக்கத்தில், எந்த விதியால் கிடைத்தது என்ற ஆதாரத்தையும் கூடவே வைத்திருந்தது. புதுச் சான்று வந்தால் எண் ஏறும், இறங்கும். 2018ல் அக்குழு வெளியிட்ட கட்டுரையில், நம்பிக்கை எண்ணோடு கூடிய இத்தகைய கூற்றுகள் 12 கோடி சேர்ந்திருந்ததாக எழுதினார்கள்.

இன்று கைப்பேசியில் நாம் கேள்வி கேட்கும் பெரிய மொழி மாதிரிகள் அந்த வழியில் வந்தவை அல்ல. அவற்றுக்குள் உண்மைகளின் அட்டவணை கிடையாது. படித்ததெல்லாம் கோடிக்கணக்கான எண்களுக்குள் கரைந்து கிடக்கிறது. அதனால் சரளமாகப் பேசுகின்றன, ஆனால் எங்கே படித்தேன் என்று அவற்றால் எப்போதும் காட்ட முடிவதில்லை. புதிதாக ஒன்றைப் புகட்டினால் பழையது அழியும் அபாயமும் உண்டு. நரம்பு வலைப்பின்னல்களின் இந்த மறதியை மெக்ளாஸ்கி, கோஹன் என்ற இருவர் 1989லேயே சோதித்துக் காட்டினார்கள். இதுவும் ஒரு காரணமாக, ஒரு தேதி வரை படிக்கவைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் நடந்ததைக் கேட்டால் இணையத்தில் தேடி, கிடைத்த பக்கத்தைப் பார்த்து விடை சொல்ல வைக்கிறார்கள். தேடிச் சொல்வது கற்றல் ஆகாது. கூடவே புதிய ஆபத்தொன்று: இப்போது இணையத்தில் கணினிகள் எழுதியதே பெருகிவருகிறது. முந்தைய மாதிரி எழுதியதை அடுத்த மாதிரி படித்து, அது எழுதியதை அதற்கடுத்தது படித்தால், சில தலைமுறைகளில் அரிதானவையெல்லாம் உதிர்ந்து மொத்தமும் சீரழிகிறது என்று 2024 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. வறுமை ஊரான கதை, இம்முறை உலக அளவில்.

மீண்டும் மரக்காணத்துக்கு வருகிறேன். காவலெல்லாம் சரியாக அமைந்த, ஒரு பிழையும் செய்யாத கணினி ஒன்று மரக்காணத்தைப் பற்றி இணையத்தில் இருப்பதையெல்லாம் படித்து முடித்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன தெரிந்திருக்கும்? கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துகள் தெரியும். மழை அளவு தெரியும். 2023 மே மாதம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது நன்றாகத் தெரியும். அத்தனை செய்திகள் வந்தன. கழுவெளி ஏரிக்கு வரும் பறவைகள் ஓரளவு தெரியும். தை முதல் ஆவணி வரை ஒவ்வொரு விடிகாலையும் நூற்றுக்கணக்கானவர்கள் பாத்தியில் இறங்கி உப்பு வாருவது அநேகமாகத் தெரியாது. தினமும் நடப்பதை யாரும் செய்தியாக எழுதுவதில்லை.

ஜொனதன் கார்டன், பெஞ்சமின் வான் டர்ம் என்ற இரு ஆய்வாளர்கள் 2013ல் இதை ஆராய்ந்தார்கள். ஆங்கிலப் பக்கங்களில் மனிதர்கள் மூச்சை இழுப்பதைவிடக் கொலை செய்வதே அதிக முறை எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தை மட்டும் படித்து உலகத்தை அறியும் கணினிக்கு, மூச்சைவிடக் கொலை சாதாரணமான செயல். மரக்காணத்துக்காரர்களுக்கு இந்த அநீதி புதிதல்ல. ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிரிலிருப்பவர் கேட்கும் முதல் கேள்வி எதைப்பற்றி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். செய்தித்தாள் படித்த மனிதர் செய்யும் அதே தவறைக் கணினி கோடிப் பேரிடம் செய்யும்.

தமிழில் இருப்பதே ஆங்கிலத்தோடு ஒப்பிடக் குறைவு. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை ஏற்றியது. 2003ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. 2020ல் சென்னை ஐஐடியைச் சார்ந்த ஏஐ4பாரத் குழு தமிழ் உட்பட 11 இந்திய மொழிகளில் இணைய எழுத்தைத் திரட்டி வெளியிட்டது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். அப்படியும், யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் தனித்தனி எழுத்துருவில் அச்சடித்த ஆண்டுகளின் தமிழ், கணினிக்கு இன்றும் பெரும்பாலும் புரியாத குறிகள்தான். மொழியின் அமைப்பும் கூடுதல் உழைப்பைக் கேட்கிறது. மரக்காணம், மரக்காணத்தில், மரக்காணத்துக்கு, மரக்காணத்து உப்பு: நமக்கு ஓர் ஊர். எழுத்தை எழுத்தாகப் பார்க்கும் கணினிக்கு நான்கு சொற்கள். கடைசி 'ம்' எங்கே போயிற்று என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும்.

உப்பள வேலை தெரிந்த தலைமுறை வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய அறிவு எந்த மொழியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. காலடியிலும் நாக்கிலும் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி போய் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவர் பேசியதைப் பதிவு செய்துவந்து, தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பாத்தி கட்டுவது, மழைக்காலம் முடிந்ததும் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவது, முதல் தண்ணீர் விடுவது வரை முடிந்திருக்கிறது. கசப்புத் தண்ணீரை எப்போது விட வேண்டும் என்ற பகுதியில்தான் நிற்கிறேன். 'எண்ணெ மாதிரி' என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ஆனால் எந்த எண்ணெய்? நல்லெண்ணெயின் வழுக்கலும் விளக்கெண்ணெயின் வழுக்கலும் ஒன்றல்ல. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் போய்க் கேட்டுவிட வேண்டும். டிகிரி பார்க்கும் கருவி ஒன்றையும் எடுத்துப்போய், அவர் "இப்போ தொறக்கலாம்" என்று சொல்லும் அந்த நிமிடத்தில் அது எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.